செம்பரம்பாக்கம் ஏரி: மண்கரையும் நீர்க்கசிவும்

செம்பரம்பாக்கம் ஏரி பூந்தமல்லிக்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. பாசனத்துக்காக உருவான இவ்வேரி இன்று சென்னையின் முக்கியக் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. இதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முழு உயரம் 24 அடி. இவ்வளவு நீரையும் தாங்கி நிற்பது ஒரு மண்கரை. கற்சுவர் அணையிலிருந்து மண்கரை எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அறிந்தால்தான், மழைக்காலத்தில் இந்த ஏரியின் மதகுகள் ஏன் முன்கூட்டியே திறக்கப்படுகின்றன என்பது விளங்கும்.

பழைய ஏரி மராமத்து

தொண்டை மண்டலம் ஏரிகள் நிறைந்த நாடு. ஏரி வெட்டுவதைவிடக் கரையைக் காப்பதே தொடர்ந்த வேலையாக இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. கரையின் உட்புறத்தில் அலை அரிக்காதபடி கற்கள் பதிப்பதும், மிகுதி நீர் வெளியேறக் கலங்கல் அமைப்பதும் பழைய வழக்கம். பிற்காலத்தில் குடிமராமத்து நலிந்தபோது, கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊரார் உழைப்புத் தர வேண்டும் என்று 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றப்பட்டது.

கசிவின் இயல்பு

மண்கரை எதுவும் முழுவதும் நீர் புகாததன்று. ஏரிப்பக்கம் நுழையும் நீர், மண் துகள்களின் இடைவெளி வழியே மெல்ல ஊடுருவி வெளிப்பக்கம் நோக்கி நகரும். இந்த ஓட்டத்தின் அளவு நீரழுத்தச் சரிவையும் மண்ணின் ஊடுருவும் தன்மையையும் பொறுத்தது என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856இல் விதியாக வெளியிட்டார்.

கரைக்குள் நனைந்த பகுதிக்கும் நனையாத பகுதிக்கும் இடையே உள்ள எல்லையை நனைகோடு எனலாம். இக்கோடு வெளிச்சரிவில் உயரமான இடத்தில் வெளிப்பட்டால் அச்சரிவு ஊறி, வலுவிழந்து சரியும். கசியும் நீர் மண் துகள்களையும் இழுத்து வந்தால் ஆபத்து இன்னும் பெரிது. வெளியே தொடங்கும் சிறு துளை உள்நோக்கி வளர்ந்து குழாய்போல் ஆகிவிடும். எனவே கரையடியில் தெளிந்த நீர் கசிந்தால் அதன் அளவைக் கண்காணிக்க வேண்டும்; கலங்கிய நீர் வந்தால் உடனே செயல்பட வேண்டும்.

எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்டுச்சென்ற வெற்றிடம், மதகுச் சுவரும் மண்ணும் சேரும் இடம் ஆகியவை கசிவு எளிதில் வழி தேடும் இடங்கள்.

தடுப்பு முறைகள்

இக்காலப் பொறியாளர்கள் கரையின் நடுவே களிமண் உட்கரு அமைத்துக் கசிவைக் குறைக்கின்றனர். அதையும் மீறி வரும் நீரை, வெளிப்பக்கத்தில் மணலாலும் சரளையாலும் ஆன வடிகட்டி வழியே வெளியேற்றுகின்றனர். நீர் வடிய வேண்டும், மண் தங்க வேண்டும் என்பதே இதன் தத்துவம். இதற்கேற்ற மணல் பருமனுக்கு விதி வகுத்தவர் மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் டெர்சாகி.

கரையடியில் ஊற்றுக் கிளம்பினால் அதை மண்ணால் அடைக்கக் கூடாது. அடைத்தால் அழுத்தம் வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீரைத் தேங்கவிட்டு அழுத்தத்தைச் சமன்செய்வர்.

உடைந்த கரைகள்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள பழமையான கந்தளாய்க் குளத்தின் கரை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்காவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று, முதன்முறை நிரப்பப்படும்போதே உள்ளரிப்பால் உடைந்தது. குஜராத்தின் மோர்பி நகரை அழித்த மச்சு அணை (1979) உடைந்ததற்குக் காரணம், வெள்ளம் மண்கரைக்கு மேலாகப் பாய்ந்ததே.

2015உம் பின்னரும்

கற்சுவரின் மேல் நீர் வழிந்தாலும் அது பெரும்பாலும் தாங்கும். மண்கரையோ சில மணி நேரத்தில் கரைந்துவிடும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றுக் கரையோரம் பெரும் சேதம் ஏற்பட்டது. நீர் திறப்பு மேலாண்மையை இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை குறைகூறியது. கடைசி நேரத்தில் கரையைக் காக்க நீரைத் திறப்பதைத் தவிர வேறு வழி இராது. ஆனால் அந்த நிலை வருமுன்பே இடம் ஒதுக்கி வைக்க முடியும்.

2020 நவம்பர் 25 அன்று நிவர் புயலின்போது, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் முதலில் விநாடிக்கு 1,000 கனஅடி வீதம் திறக்கப்பட்டது. முழு உயரத்துக்குக் கீழே விடப்பட்ட அந்த 2 அடி, எதிர்பாராத வெள்ளத்துக்கான இடம்.

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பருத்திப்பட்டு ஏரிகளும் மண்கரை கொண்டவையே. நகரம் அவற்றை நெருங்கிச் சூழ்ந்துவிட்டது. கரையடியில் நடந்து கசிவைப் பார்க்க இடம் இருந்தால்தான் எந்தக் கரையையும் காக்க முடியும். கரையோர ஆக்கிரமிப்பை அகற்றுவதும் ஏரி மராமத்தில் அடங்கும்.