கடற்கரைச் சிரிப்பும் தோட்டத்துத் திடலும்

ஈப்போ நகரை அடுத்த ஜெலாப்பாங்கிற்குக் கடல் இல்லை. ஈயமும் பால்மரமும் வாழவைத்த கிந்தாச் சமவெளியின் ஒரு மூலை அது. அலையைக் காண விரும்புவோர் லுமுட்டிற்கோ பங்கோர்த் தீவிற்கோ செல்ல வேண்டும். ஆயினும் பேராக் மாநிலத் தோட்டங்களில் வளர்ந்த தமிழிளைஞர் ஒரு கடற்கரையைத் தம் ஊர்த் திடலிலேயே காணும் காலம் ஒன்று இருந்தது. அது சென்னை மெரினா, காட்டியது வெண்திரை.

1964 பிப்ரவரியில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் படம் அவ்வகையில் நினைக்கத்தக்கது. ‘கல்யாண பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எனக் கண்ணீர்க் கதைகளால் புகழ் பெற்றிருந்த இயக்குநர் ஸ்ரீதர், நண்பர் கோபுவின் தூண்டுதலால் முழுநீள நகைச்சுவைப் படமொன்றை எடுக்கத் துணிந்தார். அதைப் பற்றிய பேச்சு எழுந்த இடமும் மெரினா மணல்தான் என்பர். வின்சென்டின் ஒளிப்பதிவில் படம் வண்ணத்தில் மலர்ந்தது. விசுவநாதன் இராமமூர்த்தி இசையமைக்க, பாடல்களைக் கண்ணதாசன் இயற்றினார். தொடக்கத்திலேயே கடற்காற்றும் காதலர் பாட்டும் வந்துவிடுகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில், 1963இல், அமெரிக்காவில் ‘பீச் பார்ட்டி’ என்னும் படம் வெளியாகி, கடற்கரை, இளையோர், ஆடல் பாடல் என்ற வரிசைப் படங்களுக்கு வழி திறந்தது. இரண்டையும் உறவு கூறி இணைக்க வேண்டுவதில்லை. உலகெங்கும் இளமை தனக்கென ஒரு பொழுதுபோக்கைத் தேடிய காலம் அது.

தமிழாசிரியர்கள் இங்கே ஒன்றைக் கருதலாம். நெய்தல் நிலத்திற்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கல். கடற்கரை என்றால் பிரிந்தவனை எண்ணி வருந்தும் தலைவியும், மாலைப்பொழுதும், துயிலாத இரவுமே நம் இலக்கியத்தில் நிற்கும். அந்த மணலில் ஸ்ரீதர் சிரிப்பை விதைத்தார். இதை மரபுமீறல் என்று முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் இளமையும் ஒன்றெனக் கண்டார். நாகேசு கதை சொல்லிப் பாலையாவை நடுங்கவைக்கும் காட்சியோ பேதைமையின் பாற்படும். அக்காட்சி ஒன்றே ஒரு மெய்ப்பாட்டியல் வகுப்பிற்குப் போதும்.

இப்படத்தில் அறிமுகமான நாயகன் இரவிச்சந்திரன் மலாயாவில் பிறந்தவர். கோலாலம்பூரில் தோன்றி, கல்விக்காகத் திருச்சிக்குச் சென்றவரை ஸ்ரீதர் திரைக்குக் கொண்டுவந்தார். இங்கிருந்து சென்ற ஒருவர் வண்ணப்படத்தின் நாயகனாகத் திரும்பி வந்தது, இந்நாட்டு இளைஞர்க்குச் சிறு செய்தியன்று.

அக்காலத் தோட்டத்தில் படம் பார்ப்பது ஒரு திருவிழா. திடலில் வெள்ளைத் துணி கட்டுவர். லயத்து வீடுகளிலிருந்து பாயும் பலகையும் வரும். விடியுமுன் பிரட்டிற்கு நிற்க வேண்டியவர்கள் நள்ளிரவு வரை விழித்திருப்பர். காதலிக்க மட்டுமா, உறங்கவும் நேரமில்லாத வாழ்க்கை அது! பள்ளிப்பிள்ளைகளின் கல்வி கெடுகிறது என்ற குறை அன்றும் எழுந்தது. அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் ஒரு மக்கள்கூட்டம் எதைக் கண்டு சிரித்தது என்பதும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியே.

அதிலும் இக்கதை ஒரு தோட்டத்துக் கதை. பாலையா ஏற்ற விசுவநாதன் என்னும் பாத்திரம் எஸ்டேட் முதலாளி. நாயகன் அசோக் அவரிடம் வேலை பார்ப்பவன். முதலாளியின் பெண்களோடு ஏற்பட்ட பூசலால் வேலை போகிறது. அவன் அழவில்லை, கெஞ்சவுமில்லை. மாளிகைக்கு எதிரே கூடாரமடித்துத் தங்கி, முதலாளியின் பெயரைச் சொல்லியே, வேலையைத் திருப்பித் தரும்படி பாடி ஆடுகிறான். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் படமான அப்பாடல் வெறும் வேடிக்கையாகவே தமிழகத்தில் பேசப்பட்டது. பால்மரத் தோட்டத்தில் துரையின் பங்களா முன்னே அப்படி நின்று பாட எவனுக்குத் துணிவு வரும்? கிராணியின் முன்னேகூடக் கைகட்டி நின்றவர்கள், திரையில் ஒருவன் அவ்வாறு பாடக் கேட்டுச் சிரித்த சிரிப்பிற்கு வேறொரு சுவை இருந்திருக்க வேண்டும்.

ஏனெனில் வேலை போதல் அவர்களுக்குக் கற்பனையன்று. 1950களில் தொடங்கி வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. ஜெலாப்பாங்கிற்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரின் சிறுசேமிப்பால் தோட்டங்களை வாங்க முனைந்தது இதனால்தான். படத்து அசோக்கிற்கோ வேலையினும் பெரிதாக முதலாளியின் மகளே கிடைத்துவிடுகிறாள். பொய்யாக ஒரு செல்வத் தந்தையைப் படைத்துக்கொண்டால் போதும். திரையில் எளிதாக முடிந்த அவ்வழக்கு வெளியே முடியவில்லை.

1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. சீட்டுக் கிடைக்காதோர் பலர் தாயகம் திரும்பினர். பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் வழியாகச் சென்னை செல்லும் கப்பல்களுள் ‘இரசூலா’ பெயர்பெற்றது. திரையில் மட்டுமே சென்னையைக் கண்டிருந்தவர்கள், வேலையை இழந்து, மூட்டை முடிச்சுகளோடு அக்கரையில் இறங்கினார்கள்.