முகாமுக்குள் ஒரு டியூஷன்

மேலகரத்துல இருந்து பேசுறேன். வெளியே சாரல் அடிச்சுக்கிட்டு இருக்கு, ரெக்கார்டிங்ல சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. சீசனுக்குக் குற்றாலம் வர்ற பலருக்குத் தெரியாத ஒரு இடம் இந்த மாவட்டத்துல இருக்கு. தென்காசி தாண்டி, கடையநல்லூர் பக்கம், போகநல்லூர். அங்க ஒரு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. பக்கத்துலயே வளர்ந்த எனக்கும் அது ரொம்ப நாள் தெரியாது.

முகாம்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சது காலேஜ்லதான். என் கிளாஸ்ல ஒருத்தன் வேற மாவட்டத்து முகாம்ல இருந்து வந்தான். என்னைவிட நல்லா கோடு எழுதுவான். கேம்பஸ் இன்டர்வியூல எல்லா ரவுண்டும் தாண்டிட்டான். கடைசியில பாஸ்போர்ட் கேட்டாங்க. அவன்கிட்ட இருந்தது அகதி அடையாள அட்டை. அதோட பேச்சு முடிஞ்சுது. எனக்கு வேலை கிடைச்சுது. அவன் அந்த லீவுல அப்பாகூட பெயின்ட் அடிக்கப் போனான். இத்தனைக்கும் அவன் பிறந்தது தமிழ்நாட்டுல.

அவனுக்கு ஏன் வேலை கிடைக்கலைன்னு அன்னைக்கே புரிஞ்சுது. ஆனா அவன் எப்படி இன்ஜினியரிங் வரைக்கும் வந்து சேர்ந்தான்? அந்தக் கதைதான் இன்னைக்கு.

மண்டபத்துல இருந்து ஆரம்பிப்போம். ராமேஸ்வரம் போறப்ப பாம்பன் பாலத்துக்கு முன்னாடி வருமே, அந்த மண்டபம். அங்க இருக்கிற முகாம் போர் அகதிகளுக்காகக் கட்டினது இல்லை. பிரிட்டிஷ் காலத்துல சிலோன் தோட்டங்களுக்குப் போற தொழிலாளர்களை நிறுத்தி வச்சு, நோய் இருக்கான்னு பார்த்து அனுப்புன இடம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம், அதே தோட்டங்கள்ல பிறந்து வளர்ந்தவங்க இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டப்ப, அவங்களையும் இங்கதான் தங்க வச்சாங்க. 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் அதே வாசல் வழியா அகதிகள் வந்தாங்க.

1983-ல இருந்து 1987 வரைக்கும் ஏறத்தாழ 1,34,000 பேர். 1990-ல மறுபடி போர் தொடங்கினதும் இன்னும் 1,22,000 பேர். மண்டபத்துல பதிவு பண்ணி, தமிழ்நாடு முழுக்கப் பிரிச்சு அனுப்பினாங்க. குடோன், புயல் பாதுகாப்புக் கட்டடம்னு கிடைச்ச இடத்துலெல்லாம் குடும்பங்கள். பத்துக்குப் பத்து அறை, மாசப் பணம், ரேஷன், ஆள் இருக்காங்களான்னு பார்க்கிற செக்கிங். எல்லாமே தற்காலிக ஏற்பாடு. கொஞ்ச நாள்ல ஊருக்குத் திரும்பிடலாம்னு அரசும் நினைச்சுது, வந்தவங்களும் நினைச்சாங்க.

இங்க ஒரு கேள்வி. நாளைக்கே திரும்பிப் போற பிள்ளைக்கு இன்னைக்கு ஸ்கூல் எதுக்கு?

1984-ல சில அகதிகளே சேர்ந்து அதுக்குப் பதில் சொன்னாங்க. தந்தை செல்வான்னு சொல்ற எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தோட மகன் எஸ்.சி. சந்திரஹாசன், சென்னையில ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். சுருக்கமா ஆஃபர்னு சொல்வாங்க. அவங்க யோசனை ரொம்ப எளிமையானது: திரும்பிப் போறப்ப நம்ம பிள்ளைங்க படிச்சவங்களா போகணும். முகாம்ல கொஞ்சம் படிச்ச அண்ணன், அக்கா சாயங்காலம் சின்னப் பிள்ளைங்களை உட்கார வச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. அரசுப் பள்ளிகளும் சேர்த்துக்கிட்டுது. எம்.ஜி.ஆர். ஆட்சியில மருத்துவம், பொறியியல்னு ஈழ மாணவர்களுக்குத் தனி இடங்களே ஒதுக்கினாங்க.

அப்புறம் 1991 மே 21, ராஜீவ் காந்தி படுகொலை. கொன்னது ஒரு இயக்கம். ஆனா அதோட சுமை முகாம்ல இருந்த எல்லாக் குடும்பத்து மேலயும் விழுந்துது. உயர்கல்வி இட ஒதுக்கீடு நின்னுபோச்சு. 1993-ல தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள்ள வரக் கூடாதுன்னு தடை வந்துது. சில வருஷம் கழிச்சுத்தான் தளர்ந்துது. வெளியில இருந்து வர்ற வாத்தியாரைத் தடுத்துடலாம். அதே லைன் வீட்டுல குடியிருக்கிற அக்காவை எப்படித் தடுக்கிறது? சொல்லிக்கொடுக்கிறவங்க உள்ளேயே இருக்கிறதோட பலம் அங்கதான் தெரியுது. என் ஃப்ரெண்டுக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தது அப்படி ஒரு அக்காதான்.

இதை ஐரோப்பாவோட ஒப்பிட்டுப் பாருங்க. புகலிடம் கேட்டு வர்ற குடும்பத்துப் பிள்ளையைப் பள்ளியில சேர்க்க மூணு மாசத்துக்கு மேல தாமதிக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியம் 2013-லயே விதி போட்டுது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்தே போடலை. அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் இல்லை. அப்ப அரசு தர்றது எல்லாம் சலுகை. சலுகையை ஒரு ஆட்சி கொடுக்கும், இன்னொரு ஆட்சி எடுக்கும்.

படிச்சு முடிச்சா? அங்கதான் ஒரு தேதி குறுக்க நிக்குது. புரோகிராமரா இதை நான் ஒரு இஃப் கண்டிஷனாத்தான் பார்க்கிறேன். 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்திருந்தா, பிறப்பாலேயே குடியுரிமை. அதுக்கு அப்புறம்னா, அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். 2004 டிசம்பர்ல இருந்து விதி இன்னும் கடுமை. 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல மதுரைக் கிளை உத்தரவிட்டுது. ரெண்டு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தா அந்த வழியே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இலங்கை பேரே இல்லை.

மாற்றமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவிச்சுது. 7,469 வீடுகளைப் புதுசா கட்டுறது, மாசப் பணத்தைக் கூட்டுறது, கல்லூரி உதவித்தொகையை உயர்த்துறது எல்லாம் அதுல உண்டு. அகதிகள் முகாம்ங்கிற பேரும் ‘மறுவாழ்வு முகாம்’னு மாறிச்சு. அப்ப முகாம்கள்ல இருந்தவங்க 58,822 பேர். 2025-ல மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுது. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணினவங்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லைங்கிறதுக்காகத் தண்டனை கிடையாது. பெரிய நிம்மதிதான். ஆனா குடியுரிமை வேற விஷயம், அது இன்னும் வரலை.

கேட்டுக்கிட்டு இருக்கிற உங்கள்ல நிறைய பேர் ஐ.டி.யில இருப்பீங்க, சிலர் ஆள் எடுக்கிற இடத்துலயே இருப்பீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க கம்பெனி ஃபார்ம்ல பாஸ்போர்ட் நம்பர்னு ஒரு கட்டம் இருக்கா? அந்த வேலைக்கு அது நெஜமாவே வேணுமா, இல்ல யாரோ எப்பவோ போட்டு வச்ச கட்டமான்னு எச்.ஆர்.கிட்ட கேட்டுப் பாருங்க. நானும் எங்க ஆபீஸ்ல கேட்டேன். ‘பார்க்கிறோம்’னு சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் மறுபடி கேப்பேன்.

என் ஃப்ரெண்டு இப்ப ஃப்ரீலான்ஸா வேலை பாக்குறான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவனுக்கு போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டான். முகாம்ல ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கணக்கு எடுத்துக்கிட்டு இருப்பான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.