எத்தனை கட்டை?

கருவடிக்குப்பம் என்றதும் பாண்டிக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று பாரதி உலாவிய குயில் தோப்பு. இன்னொன்று இடுகாடு. குயில் தோப்பைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். இடுகாட்டுக்கு யார் வருவார்கள்? ஆனால் வருஷத்தில் ஒரு நாள், நவம்பர் 13 அன்று, நாடகக்காரர்கள் வருவார்கள். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று சொல்லப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் அந்தத் தேதியில்தான் புதுச்சேரியில் காலமானார். அவர் சமாதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு வருஷம் நானும் போயிருந்தேன். மாலை போட்டார்கள், பேசினார்கள். பிறகு ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைத் திறந்தார். முதல் சத்தம் வந்ததுமே என் முகம் லேசாகச் சுளித்தது. ஒரு விநாடிதான், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. வீடு வரும்வரை அதுதான் மனசை அரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுளிப்பு என்னுடையதா? அல்லது யாரோ எனக்குக் கொடுத்ததா?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த கதைதான் இது.

பாரிசில் பிறந்த பெட்டி

ஆர்மோனியம் பிரெஞ்சுக்காரர்களின் சரக்கு. அலெக்சாந்த்ர் தெபேன் என்பவர் 1842இல் பாரிசில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறிய தேவாலயங்களுக்கும் நடுத்தர வீடுகளுக்கும் பயன்பட்ட கருவி அது. காலால் மிதித்துக் காற்றடிக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நம் ஊரில் பாட்டு தரையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றவர்கள் பெட்டியைச் சிறிதாக்கி, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கிற மாதிரி மாற்றினார்கள். அதன் பிறகு அதை வெளிநாட்டுக் கருவி என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். பஜனை மடம், தர்கா, மாதா கோயில், கூத்து மேடை என்று எல்லா இடத்திலும் புகுந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட அதைத் தூக்கிப் பிடித்தது தமிழ் நாடகம். காரணம் எளிது. அப்போது மைக் கிடையாது. திறந்தவெளியில் ஆயிரக்கணக்கான பேர், விடிய விடிய ஆட்டம். பாடகர் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி உச்சத்தில் பாட வேண்டும். அந்த உச்சத்தில் சுருதியை விடாமல் பிடித்துக்கொடுக்க ஒரு கருவி வேண்டும். தம்புராவின் சத்தம் பத்தடி தாண்டாது. வீணையும் அப்படியே. ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகள் அந்த வேலையைச் செய்தன. வாசிப்பவருக்கு நாடக மேடையில் பின்பாட்டுக்காரர் என்று பெயர். நடிகர் மூச்சு வாங்கும்போது பாட்டைத் தாங்குவதும், வசனம் முடிந்ததும் அடுத்த பாட்டுக்கு எடுத்துக்கொடுப்பதும் அவர்தான். எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர்தான் பெட்டி வாசித்தார். அந்தக் கிட்டப்பாவைக் கேட்கக் கச்சேரி வித்துவான்களே நாடகக் கொட்டகைக்கு வந்தார்கள்.

சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திராவும் தமிழ் நாட்டு ஊர்களில் ஒலித்ததெல்லாம் இந்தப் பெட்டியின் மேல் ஏறித்தான். அப்படியென்றால் அது எப்போது கேவலமானது?

தீர்ப்பு எழுதியவர்கள்

இதற்கு ஓரளவு துல்லியமாகவே பதில் சொல்லலாம். 1909 வாக்கில் கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசாமி (கொழும்பில் பிறந்தவர், அப்பா யாழ்ப்பாணத் தமிழர், அம்மா ஆங்கிலேயர்) ஆர்மோனியமும் கிராமபோனும் இந்திய இசையைக் கெடுக்கின்றன என்று எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் கழித்து, இந்திய இசையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஆங்கிலேயர் ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸும் அதையே சொன்னார். 1938இல் அகில இந்திய வானொலியின் டில்லி நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர், வானொலியின் சொந்தப் பத்திரிகையிலேயே ஆர்மோனியத்தைத் தாக்கி எழுதினார். தாகூர் ஏற்கெனவே தன் ஆசிரமத்தில் அதை விலக்கி வைத்திருந்தவர். அவரும் வானொலிக்கு எழுதினார். அப்போது வானொலியின் தலைவர் லயனல் ஃபீல்டன், அவரும் ஆங்கிலேயர். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் கூடாது என்று உத்தரவாயிற்று.

இவர்கள் சொன்ன காரணம் பொய் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைதான். இரண்டு கட்டைக்கு நடுவே ஒன்றும் கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகவே முடியாது. தோடியை அதில் வாசித்தால் தோடியின் எலும்புக்கூடுதான் வரும். கமகம் இல்லாத கர்நாடக சங்கீதம் உப்பில்லாத குழம்பு. எல்லாம் சரி.

ஆனால் ஒரு கருவியின் குறையைச் சொல்வது வேறு, அதை வாசிப்பவரையும் ரசிப்பவரையும் ஒரு படி கீழே இறக்குவது வேறு. கிளாரினெட்டிலும் சாவிகள் உண்டு. அது சதிர்க் கச்சேரியிலிருந்து மேடைக்கு வந்து, ஏ.கே.சி. நடராஜன் கையில் தனிக் கச்சேரியாகவே ஆகிவிட்டது. வயலின் முழுக்க முழுக்க ஐரோப்பியக் கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கற்றுக்கொண்ட பிறகு, அது இல்லாத கச்சேரியை நாம் கற்பனை செய்வதே இல்லை. வயலினில் வழுக்கலாம், உண்மைதான். ஆனாலும் ஆர்மோனியத்தின் மேல் விழுந்த அடியில் பாதி, அது உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் விழுந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அது கொட்டகையில் இருந்தது, திருவிழாக் கூட்டத்தில் இருந்தது, சபாவில் இல்லை. ருசி என்பது வர்க்க அடையாளம் என்று பியர் பூர்தியூ 1979இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அவரும் பிரெஞ்சுக்காரர்தான். நாம் எதை ரசிக்கிறோம் என்பதைவிட, எதைப் பார்த்து முகம் சுளிக்கிறோம் என்பதில்தான் நம் இடம் தெரியும் என்பது அதில் ஒரு சரடு.

எல்லை தாண்டிய தடை

இங்கேதான் பாண்டி விஷயம் சுவாரசியமாகிறது. 1940இல் இது பிரெஞ்சு மண். டில்லி உத்தரவு இங்கே செல்லாது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு புட்டி சாராயம் கொண்டுபோனால் சுங்கச் சாவடியில் பிடிப்பார்கள். ஆனால் காற்றலைக்குச் சுங்கம் கிடையாதே. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தன. தமிழ்ப் பாட்டு கேட்க வானொலிப் பெட்டியைத் திருகினால் அவைதான் வரும். அவற்றில் ஆர்மோனியம் கிடையாது. உத்தரவு எல்லையில் நின்றுவிட்டது. அபிப்பிராயம் மட்டும் உள்ளே வந்துவிட்டது.

யாரும் வந்து 'இது மட்டம்' என்று பிரசங்கம் செய்யவில்லை. 'நல்ல சங்கீதம்' என்று கேட்டதிலெல்லாம் அந்தச் சத்தம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். 1954இல் இந்தியாவோடு சேர்ந்து, 1967இல் புதுச்சேரிக்கே ஒரு வானொலி நிலையம் வந்தபோதும் தடை அமலில்தான் இருந்தது. 1971இல்தான் தளர்த்தினார்கள், அதுவும் பக்கவாத்தியமாக மட்டும், நிபந்தனையோடு. முப்பத்தோரு வருஷம். ஒரு தலைமுறையின் காது உருவாகி முடிந்துவிடும்.

'அப்போ அரசாங்கம் சொன்னா ஜனங்க ரசனை மாறிடுமா?' என்று கேட்கலாம். அப்படியும் இல்லை. 1952இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர் இதே வானொலியில் சினிமாப் பாட்டை ஏறக்குறைய ஒழித்தார். என்ன நடந்தது? ஜனங்கள் சினிமாப் பாட்டை விடவில்லை, வானொலியைத்தான் விட்டார்கள். முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். மயில்வாகனன் குரலைக் கேட்டுத் தமிழ்நாடே பொழுதைக் கழித்தது. கடைசியில் 1957 அக்டோபரில் விவித பாரதியை ஆரம்பித்து அரசாங்கம்தான் இறங்கி வந்தது.

ஒரே வானொலி, இரண்டு தடை. ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. ஏன்? சினிமாப் பாட்டுக்குப் போக இன்னொரு நிலையம் இருந்தது. கூடவே, 'எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்' என்ற பலம் இருந்தது. பக்கத்து வீட்டிலும் டீக்கடையிலும் அதே பாட்டு. ஆர்மோனியத்துக்கு அப்படி ஒரு புகலிடம் இல்லை. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமாக் கொட்டகைகளாகிக்கொண்டிருந்த காலம் அது.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, யாருக்கும் தெரியாத 48 பாட்டுகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயர் மட்டும். மற்றவர்களை எட்டு தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த கூட்டங்களில் ஓடிய பாட்டு இன்னும் அதிகமாக ஓடியது, படுத்த பாட்டு இன்னும் படுத்தது. கூட்டத்துக்குக் கூட்டம் ஜெயித்த பாட்டும் வேறு. மிக நல்ல பாட்டு அநேகமாகத் தேறிவிட்டது, மிக மோசமானது அநேகமாகத் தேறவில்லை. நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்துதான் எப்படி வேண்டுமானாலும் போயிற்று. நம் ரசனை முழுக்க இரவல் இல்லை, முழுக்கச் சொந்தமும் இல்லை என்று இதைப் படித்துக்கொள்கிறேன்.

கட்டைக் கணக்கு

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. கர்நாடக சங்கீதப் பாடகரிடம் 'உங்க சுருதி என்ன?' என்று கேட்டால், 'ஒன்றரைக் கட்டை', 'அஞ்சு கட்டை' என்பார். அது என்ன கட்டை? ஆர்மோனியத்தின் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு, நடுவில் இருக்கும் கறுப்பு ஒன்றரை. தம்புரா இல்லாதபோது பக்கத்தில் வைத்துக்கொண்ட சுருதிப் பெட்டியும், கட்டைகளைக் கழற்றிவிட்ட ஆர்மோனியம்தான். சபாவின் முன்வாசலில் நிறுத்திய பெட்டி பின்வாசல் வழியாக வந்து, எல்லார் வாயிலும் அளவுகோலாக உட்கார்ந்துவிட்டது. அதைக் கேவலமாகப் பேசுகிறவரும் தன் குரலை அதை வைத்துத்தான் அளந்து சொல்கிறார்.

நானும் அப்படிப் பேசியவன்தான். என் பெரியப்பா பெட்டி வாசிப்பார். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலமானால் துருத்திச் சத்தம் கேட்கும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமி வரும் நாட்களில் அக்கம்பக்கத்து ஊர்களில் நாடகம் இருக்கும். அவர் பின்பாட்டுக்குப் போவார். பத்து வயசு வரை அதைக் கேட்டபடி தூங்கியவன் நான். அப்புறம் பாட்டு கற்றுக்கொள்ளப் போனேன். அங்கே ஆர்மோனியம் என்றால் ஒரு சிரிப்பு. ரெண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பு எனக்கும் வந்துவிட்டது. ஒருநாள் அவர் வாசிக்கும்போது, 'பெரியப்பா, இதுல கமகமே வராதே, இது சங்கீதமே இல்லையாம்' என்றேன். அவர் கோபப்படவில்லை. 'அப்படியாடா?' என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் பெட்டியைத் திறந்து நான் பார்த்ததில்லை.

என் வாயில் வந்தது குமாரசாமியின் கருத்து, ஃபோல்ட்ஸின் கருத்து, தாகூரின் கருத்து. அவர்கள் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

சரி, அதற்கு முன்னால் எனக்குப் பிடித்திருந்ததே, அதுவாவது என் சொந்த ரசனையா? யோசித்துப் பார்த்தால் அதுவும் சந்தேகம்தான். பெரியப்பாவைப் பிடிக்கும், அதனால் பெட்டியைப் பிடித்தது. அதுவும் இன்னொருவரிடமிருந்து வாங்கியதே. ஒன்று அன்பில் வாங்கியது, இன்னொன்று வெட்கத்தில் வாங்கியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. துருத்தித் தோல் கிழிந்திருக்கிறது, இரண்டு கட்டை அழுத்தினால் எழுவதில்லை. பழுது பார்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். தோடி அதில் வராது, தெரியும். பெரியப்பாவும் அதில் தோடி வாசித்ததில்லை.