ட்ரினிட்டித் திடலுக்கு வந்தவர்கள்

நியூ மெக்சிகோவின் ஹோர்னாதா தெல் முயெர்தோ பாலைநிலத்தில் 1945 ஜூலை 16 அதிகாலை 5.29 மணிக்கு உலகின் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. 100 அடி எஃகுக் கோபுரத்தின் உச்சியில் வைக்கப்பட்டிருந்த புளூட்டோனியக் குண்டு அது. கோபுரம் ஆவியாயிற்று, மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியாகப் படிந்தது. ட்ரினிட்டி என்று பெயரிடப்பட்ட அச்சோதனையின் அறிவியலும் போர் அரசியலும் நிறையவே எழுதப்பட்டுவிட்டன. அதன் பிறகு அந்தத் திடலைக் காண யார் யார் அழைக்கப்பட்டார்கள், அவர்களுக்கு எது காட்டப்பட்டது என்பதும் ஆராயத்தக்க வரலாறே.

முதலில் வந்தவர்கள் பத்திரிகையாளர்கள். ஹிரோஷிமாவில் கதிர்வீச்சால் மக்கள் மடிகிறார்கள் என்ற செய்தி ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த நேரம். 1945 செப்டம்பரில் அணுகுண்டுத் திட்டத்தின் ராணுவத் தலைவரான தளபதி குரோவ்ஸும் அதன் அறிவியல் தலைவரான ஓப்பன்ஹைமரும் செய்தியாளர்களைத் திடலுக்கு அழைத்துவந்து, காலணிகளுக்கு மேல் வெள்ளைத் துணியுறை மாட்டி நடக்கவிட்டனர். நியூயார்க் டைம்ஸின் வில்லியம் லாரன்ஸ், டோக்கியோ சொல்வது பொய் என்பதற்கு இந்த இடமே சாட்சி என்ற பொருளில் செய்தி எழுதினார். அணுகுண்டுத் திட்டத்துக்கே எழுத்துப் பணி செய்தவர் அவர். ஆக, இங்கே பார்வையாளர் என்பவர் தொடக்கத்திலேயே ஒரு வழக்கின் சாட்சியாக நிறுத்தப்பட்டார். பிந்தைய வரலாறு முழுவதிலும் இதன் சாயல் இருக்கிறது என்பது என் துணிபு.

1950களின் தொடக்கத்தில் பச்சைக் கண்ணாடியில் பெரும்பகுதி வாரிப் புதைக்கப்பட்டது. 1953 செப்டம்பரில் முதல்முறையாகத் திடல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது சுமார் 650 பேர் வந்தனர். சில ஆண்டுகள் கழித்து, தென்கிழக்கே உள்ள டுலரோசா ஊரிலிருந்து ஒரு சிறு குழு வெடிப்பின் நினைவுநாளில் வந்து, உலக அமைதிக்காக வழிபாடு நடத்தியது. ஆண்டுதோறும் அக்டோபரில் திடலைத் திறந்துவிடும் வழக்கத்தை இத்தகைய வருகைகளின் தொடர்ச்சியாகவே ராணுவத்தின் சொந்த வரலாற்றுக் குறிப்பு காட்டுகிறது. 1965இல் எரிமலைக் கல்லால் ஆன நினைவுத்தூண் எழுந்தது. புளூட்டோனியக் கரு பொருத்தப்பட்ட மெக்டொனால்டு பண்ணைவீடு 1984இல் பழைய நிலைக்குச் சீரமைக்கப்பட்டது. தூணில் நாளும் நிகழ்வும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சுற்றுப்புறத்தில் வாழ்ந்த மக்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தால் ஒரு மில்லிரெம் அளவோ அதற்கும் குறைவாகவோதான் கதிர்வீச்சு படும் என்று பார்வையாளருக்குச் சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால் அது இன்று வந்துபோகிறவருக்கான கணக்கு. 1945இல் சுற்றுப்புறத்தில் குடியிருந்தவர்களை யாரும் வெளியேற்றவில்லை. வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது என்று அவர்களுக்குப் பொய் சொல்லப்பட்டது. கூரையில் விழுந்த மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தவர்கள் அவர்கள். வீட்டுப் பசுவின் பாலையும் குடித்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்காகத் தயாரிக்கப்பட்ட 2010ஆம் ஆண்டு அறிக்கை, மக்கள் வாழ்ந்த பகுதிகளில் அன்று பதிவான கதிர்வீச்சு வீதம் இன்று அனுமதிக்கப்படுவதைப் போல் 10,000 மடங்கு இருந்ததாகக் கூறுகிறது. குடிநீர், உணவு, மூச்சுக்காற்று வழியாக உடலுக்குள் போனதை முந்தைய மதிப்பீடுகள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்றும் அது சுட்டுகிறது.

டுலரோசாவின் பெயர் இந்த வரலாற்றில் மறுபடி வருவது 2005இல். கதிரியக்கத் தூசுக்கு ஆளானவர்களின் கூட்டமைப்பு அப்போது டுலரோசா வட்டாரத்தின் பெயரில் உருவாயிற்று. நெவாடா சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீடு அளித்திருந்தது. முதல் குண்டின் தூசு படிந்த நியூ மெக்சிகோ மக்களை அது விட்டுவிட்டது. திடல் திறக்கப்படும் நாள்களில் கூட்டமைப்பினர் நுழைவாயிலுக்கு வெளியே பதாகைகளுடன் நின்று, உள்ளே போகும் கார்களிடம் இதைச் சொன்னார்கள். ஒரு காலத்தில் அவர்கள் ஊரார் வழிபாட்டுக்காக நுழைந்த அதே திடல். தூண் சொல்லாத செய்தியைப் பார்வையாளர்களுக்கு எட்டச் செய்தவர்கள் வெளியே நின்ற இவர்களே என்று கருத இடமுண்டு.

2025 ஜூலையில்தான், வெடிப்புக்கு 80 ஆண்டுகள் கழித்து, சட்டம் திருத்தப்பட்டு நியூ மெக்சிகோ சேர்க்கப்பட்டது. தகுதி பெறுவோருக்கு 1,00,000 டாலர். 1944 செப்டம்பருக்கும் 1962 நவம்பருக்கும் இடையே ஓராண்டேனும் அங்கு வாழ்ந்ததற்கும், குறிப்பிட்ட புற்றுநோய்களில் ஒன்று வந்ததற்கும் சான்று காட்ட வேண்டும். இறந்தவர்களுக்காகக் குடும்பத்தார் மனுச் செய்யலாம். கடைசி நாள் 2027 டிசம்பர் 31.