பறவை பார்ப்பவர்கள் எங்கே குடியேறலாம்? பாலக்காடு முதல் இடுக்கி வரை எல்லையோர ஊர்களில் எது யாருக்குப் பொருந்தும்?

கோவையிலோ பெங்களூருவிலோ வேலை. சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து மலையேறி, ஞாயிறு காலை மூன்று மணி நேரம் பறவை பார்த்துவிட்டு, மறுபடியும் பஸ். இரண்டு வருடம் இப்படி ஓடினால் யாருக்கும் இந்த யோசனை வரும்: "பேசாம அங்கேயே போய் இருந்துட்டா என்ன?"

வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிபவர்களுக்கு இது நடக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் பறவைகள் நிறைந்த இடமும், மனிதர்கள் வசதியாகவும் பாதுகாப்பாகவும் வாழக்கூடிய இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் பகுதியை வைத்து, இடத்தை எப்படித் தேர்வு செய்வது என்று பார்ப்போம்.

ஏன் இந்தப் பகுதி?

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அகலம் சுமார் 30 முதல் 40 கி.மீ. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நமக்கு இது கோவை - பாலக்காடு ரோடு. உச்சிமலைச் சோலைக்காடுகளில் மட்டுமே வாழும் சிறு பறவைகளுக்கோ கடக்க முடியாத எல்லை.

சோலைக்கிளி என்று அழைக்கப்படும் நீலநிறப் பறவை இதற்கு நல்ல உதாரணம். பெயரில்தான் கிளி, உண்மையில் குருவி அளவு பறவை. கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். சிலம்பன்களிலும் இதே கதை: நீலகிரியில் ஓர் இனம், மூணாறு - கொடைக்கானல் பக்கம் வேறோர் இனம். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2017-ல் இந்த இரண்டு குழுக்களுமே தனிப் பேரினங்களாக வகைப்படுத்தப்பட்டன.

அதாவது, கணவாய்க்கு எந்தப் பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்பதே, ஜன்னலுக்கு வெளியே எந்தப் பறவை பாடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

'ஹாட்ஸ்பாட்' எண்ணிக்கையை நம்பலாமா?

பெரும்பாலானோர் முதலில் திறப்பது இ-பேர்ட் தளத்தைத்தான். அதிக இனங்கள் பதிவான இடத்தைப் பார்த்ததும், "இதுதான் நம்ம ஊரு" என்று முடிவு செய்துவிடுவார்கள். இங்கேதான் சறுக்கல்.

அந்த எண்ணிக்கை பறவைகளை மட்டும் காட்டுவதில்லை, எத்தனை பேர் போனார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. புகழ்பெற்ற இடத்துக்குக் கூட்டம் போகும், பட்டியல் நீளும். பக்கத்து ஊருக்கு யாரும் போகாததால் அங்கே பறவையே இல்லாததுபோல் தோன்றும். மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, வாரவாரியான பட்டை வரைபடத்தைப் பாருங்கள். சுற்றுலாப் பயணிக்கு ஜனவரி போதும். அங்கேயே வாழப் போகிறவருக்கு ஜூலையும் முக்கியம்.

இந்தக் குறையைச் சரிசெய்யும் தரவு கேரளத்துக்கு இருக்கிறது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து கேரளப் பறவை வரைபடத் தொகுப்பை உருவாக்கினார்கள். மாநிலம் முழுவதும் சுமார் 4,000 சிறு கட்டங்கள். மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் ஒரே முறையில் கணக்கெடுப்பு. சுமார் 3 லட்சம் பதிவுகளில் 361 இனங்கள். எங்கே போவது என்பதை ஆர்வலரின் விருப்பத்துக்கு விடாமல் முன்கூட்டியே வகுத்ததால், இடங்களை ஒப்பிட இது அதிகம் நம்பத்தக்கது.

எந்த ஊர் யாருக்கு?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்: பாலக்காட்டின் கிழக்குச் சமவெளி. பனை, வயல், குளம், நிறைய மயில். தமிழ் சகஜமாகப் புழங்கும், கோவையும் பக்கம். கோடை வெயில் மட்டும் கொளுத்திவிடும்.

கொல்லங்கோடு, நெம்மாறை: நெல்லியாம்பதி மலையின் அடிவாரம். காலையில் வயல் பறவைகள், ஒரு மணி நேரப் பயணத்தில் மலைக்காட்டு இருவாச்சி. சமவெளி, மலை இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது.

பொள்ளாச்சி, ஆனைமலை: பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், அங்கே போகும் சாலை சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்துதான் செல்கிறது. மருத்துவமனை, பள்ளி, இணைய வசதி எல்லாம் சேர்த்துப் பார்த்தால், குடும்பத்தோடு இருப்பவர்களுக்குப் பொள்ளாச்சி பாதுகாப்பான தேர்வு.

உடுமலை, மறையூர்: இரண்டுக்கும் நடுவே சின்னாறு சரணாலயம். மழை மறைவுப் பகுதி என்பதால் முள்காடும் பாறையும் அதிகம். மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடிப் பலர் வருவது இங்கேதான்.

மூணாறு: சுமார் 1,500 மீட்டர் உயரம். சோலைக்கிளி, சிலம்பன், புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி. பறவைக்கு முதலிடம்தான், ஆனால் நெரிசல், மழை, நிலச்சரிவு ஆபத்து மூன்றும் உண்டு.

குமுளி: பெரியாறு புலிகள் காப்பகத்தின் வாசல். கம்பம் பக்கத்திலேயே இருப்பதால் அன்றாடத் தேவைகளுக்குச் சிரமமில்லை.

தட்டேக்காட்டை விட்டுவிட்டீர்களே என்று கேட்கலாம். சாலிம் அலி 1933-ல் ஆய்வு செய்த இடம், 1983-ல் சரணாலயமானது. இலங்கைத் தவளைவாயனைப் பார்க்கப் பலரும் போவது அங்கேதான். ஆனால் இடுக்கியை ஒட்டியிருந்தாலும் அது எர்ணாகுளம் மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையிலிருந்தும் தூரம்.

வாங்கலாமா, வாடகையா?

வாடகைதான், குறைந்தது ஒரு வருடத்துக்காவது. காரணங்கள் மூன்று.

முதலாவது, நிலச் சட்டம். 1964-ம் ஆண்டு விதிகளின் கீழ் பட்டயம் தரப்பட்ட நிலங்கள் இடுக்கியில் ஏராளம். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் என்ற நிபந்தனையோடு தரப்பட்டவை அவை. 2023-ல் இதற்குச் சட்டத்திருத்தம் வந்தது. எஸ்டேட் நிலத்தைத் துண்டுபோட்டு விற்பதிலும் சட்டச் சிக்கல் உண்டு. பாலக்காட்டில் வயலை மேடாக்கி வீடு கட்ட நினைத்தால், 2008-ம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். "வியூ நல்லா இருக்கு" என்று புரோக்கர் சொன்னதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஆவணங்களை உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, மழை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு 70 உயிர்களைப் பறித்தது. தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்தான் அதிகம் பலியாயின. எந்தச் சரிவு பாதுகாப்பானது என்பது டிசம்பரில் போய்ப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு மழைக்காலம் அங்கே இருந்து பார்த்தால் மின்தடை, இணையம், சாலை எல்லாமே புரிந்துவிடும்.

மூன்றாவது, பறவைகள். காட்டை ஒட்டி வரும் ஒவ்வொரு புது வீடும் கொஞ்சம் மரத்தையும் கொஞ்சம் இருட்டையும் எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே இருக்கும் ஊரில், ஏற்கெனவே கட்டிய வீட்டில் குடியேறினால் அந்த இழப்பு இல்லை.

முதல் படி என்ன?

பிடித்த இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரியில் ஒரு வாரம், ஜூலையில் ஒரு வாரம் தங்குங்கள். தினமும் காலை ஒரே பாதையில் 15 நிமிடம் நடந்து, கண்டதையும் கேட்டதையும் பட்டியலிடுங்கள். மாலையில் அதே அறையிலிருந்து அலுவலக வேலையையும் செய்து பாருங்கள். ஜூலைப் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். அதைப் பார்த்த பிறகும் "இங்கேயே இருக்கலாம்" என்று தோன்றினால், வாடகை வீடு தேட ஆரம்பிக்கலாம்.