கொள்ளையின் சொல்லாட்சியும் ஒரு பெண்ணின் குறிப்புகளும்: பாரிஸ் 1940–1944

1. முன்னுரை

1940 ஜூன் 14 அன்று ஜெர்மானியப் படை பாரிஸ் நகரினுள் நுழைந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில், பிரான்சில் யூதர்களுக்கு உரிமையாக இருந்த 200-க்கும் மேற்பட்ட தனியார் கலைத்தொகுப்புகளிலிருந்து ஏறத்தாழ 22,000 பொருள்கள் பறிக்கப்பட்டன. இதனை நிகழ்த்தியது நாஜித் தலைவர் ஆல்ஃபிரட் ரோசன்பர்க் பெயரில் அமைந்த சிறப்புப் பணிக்குழுவாகும். இக்கொள்ளை படைவலியால் மட்டுமன்றிச் சொல்லாலும் நடைபெற்றது. அதனை எதிர்த்தோருக்கும் மொழியறிவே துணை நின்றது. இவ்விரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பறித்தலுக்கு இட்ட பெயர்கள்

பணிக்குழுவின் ஆவணங்கள் பறிமுதலைச் 'சிஹெர்ஷ்டெல்லுங்' எனக் குறித்தன. பாதுகாப்பாக வைத்தல் என்பது இதன் பொருள். உடைமைகளைக் குறிக்க வழங்கிய மற்றொரு சொல் 'ஹெர்ரன்லோஸ்', அதாவது உரியவர் அற்றது. போர்க்காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறியோரின் குடியுரிமையை விஷி அரசின் 1940 ஜூலைச் சட்டம் நீக்கியது. அங்ஙனம் வெளியேறிய யூதர்களின் உடைமைக்கு உரியவர் இல்லை என ஜெர்மானியர் வாதிட்டனர். உரியவரை விரட்டியவர்களே பொருளை உரியவர் அற்றது என்றனர்.

தமிழ் இலக்கணத்தார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பர். மேற்கண்ட சொற்கள் தோற்றத்தில் மங்கல வழக்கை ஒத்தவை. ஆயின் மங்கலம் கேட்போர் துயரைத் தணிப்பது. இவையோ செய்வோர் குற்றத்தை மறைப்பவை.

குழூஉக்குறியின் இயல்பை அவர்களுடைய பட்டியல்களில் காணலாம். ராத்ஸ்சைல்டு குடும்பப் பொருள்கள் 'ஆர்' என்னும் எழுத்தும் எண்ணும் பெற்றன. 'யு.என்.பி.' என்பது உரிமையாளர் அறியப்படாதவர் என்பதைச் சுட்டியது. தப்பியோடிய அல்லது நாடு கடத்தப்பட்ட யூதர்களின் வீடுகளைக் காலிசெய்த நடவடிக்கையில் எடுக்கப்பட்ட ஓவியங்கள் 'எம்.ஏ.-பி.' எனப் பொதுக்குறி பெற்றன. செல்வக் குடும்பத்தின் பெயர் ஓரெழுத்தாகவேனும் எஞ்சியது. எளியோரின் பெயர் முற்றிலும் அழிந்தது.

3. கேட்ட செவி

பறித்த பொருள்கள் பாரிசின் ழு டி போம் அருங்காட்சியகத்தில் குவிக்கப்பட்டன. ஹெர்மன் கோரிங் ஏறத்தாழ இருபது முறை அங்குச் சென்று தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்தார். அங்கு 1932 முதல் பணியாற்றிவந்தவர் ரோஸ் வலான் (1898–1980). பிரெஞ்சு அருங்காட்சியகங்களின் தலைமைப் பொறுப்பிலிருந்த ழாக் ழோழார் அவரை அங்கேயே தங்கியிருக்குமாறு பணித்தார்.

வலானுக்கு ஜெர்மன் மொழி புரியும் என்பதை அங்கிருந்த அதிகாரிகள் அறியவில்லை. எனவே அவர் முன்னிலையில் தயக்கமின்றிப் பேசினர். அவர் ஜெர்மன் மொழியில் கேட்டதைப் பிரெஞ்சு மொழியில் குறித்துக்கொண்டார். குப்பைக் கூடையில் எறியப்பட்ட கரித்தாள் படிகளையும் படித்தார். எப்பொருள், யாருடையது, எங்கே அனுப்பப்பட்டது என்பனவே அவர் குறிப்பின் உள்ளடக்கம். பட்டியல் மறைத்த பெயரை அவர் குறிப்பு மீண்டும் பொருளோடு சேர்த்தது. பலமுறை வெளியேற்றப்பட்டும் அவர் திரும்பி வந்தார். பிடிபட்டிருப்பின் உயிர் தப்பியிருக்க இயலாது.

1944 ஆகஸ்டில் நவீன ஓவியங்கள் அடங்கிய 148 பெட்டிகள் தொடர்வண்டியில் ஏற்றப்பட்டன. வலான் செய்தி அனுப்பினார். தொடர்வண்டித் தொழிலாளர்கள் வண்டியைப் பாரிசின் புறநகரிலேயே தாமதப்படுத்தினர். ஆகஸ்டு 27 அன்று அதனை மீட்ட பிரெஞ்சுப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அலெக்சாந்தர் ரோசன்பர்க். கொள்ளையிடப்பட்ட ஓவிய வணிகர் பால் ரோசன்பர்க்கின் மகன் இவர். பறித்த குழுவின் தலைவருக்கும் பறிகொடுத்த குடும்பத்துக்கும் பெயர் ஒன்றே, உறவு இல்லை.

பின்னர் அமெரிக்க அதிகாரி ஜேம்ஸ் ரோரிமரிடம் வலான் தம் செய்திகளை ஒப்படைத்தார். அதன் பயனாக 1945-இல் நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையில் கலைப்பொருள்களும் பணிக்குழுவின் ஆவணங்களும் கண்டெடுக்கப்பட்டன.

4. முடிவுரை

போருக்குப்பின் ஏறத்தாழ 60,000 பொருள்கள் பிரான்சுக்குத் திரும்பின. அவற்றுள் சுமார் 45,000 உரியவர்களைச் சேர்ந்தன. எஞ்சியவற்றுள் சுமார் 2,000 பொருள்கள் 'எம்.என்.ஆர்.' என்னும் குறியுடன் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. இதுவும் ஒரு குறியே; ஆயினும் அரசு இவற்றுக்கு உரிமையாளர் அன்று, காவலர் மட்டுமே என்பதை இக்குறி அறிவிக்கிறது. அரசின் பிற பொதுத் தொகுப்புகளில் சேர்ந்துவிட்ட கொள்ளைப் பொருள்களைத் திருப்பியளிக்க 2023-இல் பிரான்ஸ் தனிச்சட்டம் இயற்றியது.

முந்தைய குறிகள் பெயரை அழிப்பதற்கு எழுந்தன. இக்குறி பெயருக்காகக் காத்திருக்கிறது. அக்கால ஆவணங்களை மொழிபெயர்ப்போர் 'பாதுகாப்பாக வைத்தல்' என நேர்ப்பொருள் தந்து நின்றுவிடின், கொள்ளையரின் வழக்கை மற்றொரு மொழியில் தொடர்ந்தவராவர். சொல்லின் பொருளோடு அது மறைத்த செயலையும் குறிப்பில் விளக்குதல் அவர்தம் கடனாகும்.