பேராற்றல் அண்டக்கதிர்களை அளந்த வரலாறு

நிலவுலகை அடையும் துணிக்கைகளுள் மிகப் பேராற்றல் வாய்ந்தவை, ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பில் நூறாண்டுக்கு ஒன்றென்னும் அளவிலேயே விழுகின்றன. இத்துணை அருகியவற்றை அறிஞர் எவ்வாறு அளந்தனர், அவ்வளவை எவ்வாறு சோதித்தனர் என்பதை இக்கட்டுரை சுருங்கக் கூறும்.

வளியில் மின்னேற்றங்களைத் தோற்றுவிக்கும் கதிர்ப்பு நிலத்திலிருந்தே எழுகின்றதெனப் பலர் ஒருகாலத்திற் கருதினர். அஃது உண்மையாயின், உயரஞ் செல்லச் செல்ல அது குன்றுதல் வேண்டும். ஒஸ்திரிய நாட்டு விக்ரர் ஹெஸ் 1912ஆம் ஆண்டு ஓகஸ்டு 7ஆம் நாள் பலூனில் 5,000 மீற்றருக்கு மேலேறி அளந்தபோது அது மிகுந்தே காணப்பட்டது. கதிர்கள் விண்ணிலிருந்து வருவன என்னும் முடிபு இவ்வாறு பிறந்தது. 1936இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

1938இல் பிரெஞ்சு அறிஞர் பியர் ஓஜே, தொலைவில் வைக்கப்பட்ட எண்ணிகள் ஒரே கணத்தில் துணிக்கைகளைப் பதிவுசெய்தலைக் கண்டார். விண்ணிலிருந்து வரும் ஒரு துணிக்கை மேல்வளியில் அணுக்கருவொன்றை மோத, அதனாற் பிறந்தவை மேலும் மோதிப் பெருகிப் பொழிவாக இறங்குகின்றன. பொழிவின் பருமனைக்கொண்டு முதற்றுணிக்கையின் சத்தியைக் கணிக்கலாம். எனவே வளிமண்டலமே ஆய்வுக்கருவியின் ஒரு கூறாயிற்று.

1962இல் ஜோன் லின்சிலி நியூ மெக்சிக்கோவில் 19 கருவிகளை 8 சதுர கிலோமீற்றரிற் பரப்பி, 1இன் பின் 20 பூச்சியங்கள் கொண்ட இலத்திரன்வோல்ற்றுச் சத்தியுடைய துணிக்கையொன்றைப் பதிவுசெய்தார். ஒன்றரைக் கிலோகிராம் நிறையை ஒரு மீற்றர் உயர்த்த அச்சத்தி போதும்.

ஆயின், 1966இல் அமெரிக்கரான கிறைசனும், சோவியத்து அறிஞரான சற்செப்பின், குஸ்மின் ஆகியோரும் ஓர் எல்லையைச் சுட்டினர். அண்டவெளியெங்கும் நிறைந்த நுண்ணலைக் கதிர்ப்போடு மோதி, இத்தகைய துணிக்கைகள் நெடுந்தொலைவிற் சத்தியை இழக்கும் என்பது அவர்தம் கொள்கை. 1998இல் யப்பானிய ஆய்வாளர், நிலத்திற் பரப்பிய கருவிகளைக்கொண்டு, அவ்வெல்லைக்கு அப்பாலும் துணிக்கைகள் வருகின்றன என்றனர். பொழிவினால் நைதரசன் உமிழும் மெல்லொளியை நிலவற்ற இரவுகளில் நோக்கிய அமெரிக்க ஆய்வாளரோ, எண்ணிக்கை குன்றுகின்றது என்றனர். எவர் அளவு பிழைத்தது?

இவ்வையம் சொல்வாதத்தாற் றீரவில்லை. ஆர்ஜென்ரீனாவின் மலார்குவே அருகே, ஓஜேயின் பெயர்தாங்கிய ஆய்வுநிலையம் 3,000 சதுர கிலோமீற்றரில் 1,600 நீர்த்தொட்டிகளையும், அவற்றைச் சூழ ஒளிநோக்கிகளையும் அமைத்தது. இரு முறைகளும் ஒரே பொழிவை அளந்து ஒன்றையொன்று சோதித்தன. 2008இல், எண்ணிக்கை குன்றுதல் அங்கும் உறுதியாயிற்று. மிகுசத்தித் துணிக்கைகள் நம் விண்மீன்தொகுதிக்கு அப்பாலிருந்து வருவன என்பதற்கு அந்நிலையம் 2017இற் சான்று காட்டியது.

எனினும், அக்குறைவு வழியிற் சத்தியிழத்தலாலோ, ஊற்றுக்களின் ஆற்றல் அவ்வளவில் முடிதலாலோ என்பது இன்னும் தீர்ந்திலது. 2021இல் யூற்றாவிற் பதிவான பெருந்துணிக்கையொன்றோ, விண்மீன்தொகுதிகள் அருகிய வெறுவெளித் திசையிலிருந்து வந்தது. ஓர் அளவை மற்றோர் அளவாற் சோதித்தறியும் நெறியே இவ்வினாக்களுக்கும் வழிகாட்டுமென்க.